பாதிக் கூடு

காதல் என்பது உயிரினங்கள் இதுவரை போட்டுவந்த ஒரு குத்துமதிப்புக் கணக்கு என்றும், சரியான கருவி வந்துவிட்டபடியால் பூமிக்கு இனி அது தேவைப்படாது என்றும், கையிலிருந்த டீ ஆறுவதற்குள் வானமாமலை அறிவித்தான்.

அறிவித்த இடம் முள்ளிக்குளம் பறவை நிலையத்தின் தகரக் கொட்டகை. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இசக்கியம்மாள், நிலையத்தின் பொறுப்பாளர். இன்னொருவன் வேன் ஓட்டும் சங்கரபாண்டி. தூக்கணாங்குருவிகளும் அருகில்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு வேலை இருந்தது.

"எப்பத்துலருந்து?" என்று கேட்டாள் இசக்கி.

"எது எப்பத்துலருந்து?"

"காதல் தேவைப்படாமப் போறது. நாளைலருந்தா, இல்ல இந்த டீயக் குடிச்ச பொறவா?"

வானமாமலை சிரிக்கவில்லை. பெரிய விஷயங்களைச் சொல்லும்போது அவன் சிரிப்பதில்லை. இசக்கி அவனைவிட ஒரு வயது மூத்தவள். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில், ஒரு வருடம் முன்னால் படித்தவள். முறைப்படி பார்த்தால் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். அவன் கூப்பிடுவதில்லை. சண்டை என்றால் மேடம் என்பான், மற்ற நேரங்களில் எதுவும் சொல்லாமல் நேராகப் பேச்சைத் தொடங்கிவிடுவான். இதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை என்று அவன் உறுதியாக நம்பினான்.

"மேடம், இதோ பாருங்க" என்று சோற்றுத் தூக்கு அளவிலிருந்த தன் கருவியை மேசைமேல் வைத்தான். பிழைமானி. அவனே வைத்த பெயர். பறவையின் ஒரு இறகை உள்ளே வைத்தால், கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஒரு எண்ணைக் காட்டும்.

"என்ன எண்ணு சார் அது?" என்றான் சங்கரபாண்டி.

"உன்ன உண்டாக்குததுக்கு ஒரு புஸ்தகம் வேணும். அத உங்கப்பா பாதி, உங்கம்மா பாதின்னு படி எடுத்துக் குடுத்துருக்காவ. படி எடுக்கும்போது அங்கங்க எழுத்து மாறிப்போகும். அவிய ரெண்டு பேருகிட்டயும் இல்லாம உன்கிட்ட புதுசா வந்த எழுத்துப் பிழை எத்தனன்னு இது எண்ணிச் சொல்லும். குருவிக்கும் அதே கததான்."

"அதுக்கும் காதலுக்கும் என்ன சார்?"

"நல்ல கேள்வி." அந்தக் கேள்விக்காகத்தான் அவன் காத்திருந்தான். "அங்க பாரு."

நிழல்வலைக்குக் கீழே பனைகள் நின்றன. கோடைகள் ஒவ்வொன்றும் முந்தைய கோடையை மிஞ்சிக்கொண்டு போனதில் தெற்குச் சீமையின் பனங்காடுகள் கரிந்துபோயின. இந்தத் தோப்பு ஒன்றுதான் மிச்சம். குருவிகளும் இவ்வளவுதான் மிச்சம். போன இரண்டு வருடமும் மழை ஏமாற்றியதில் கூடு கட்ட ஒரு பச்சை ஓலைக்கீற்றுகூடக் கிடைக்காமல், ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. இந்த வருடம்தான் வலை போட்டு, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் நெல்லும் விதைத்திருந்தார்கள். இந்த மழைக்காலத்திலும் குஞ்சு இல்லை என்றால் நிலையத்தை மூடிவிடச் சென்னையில் முடிவாகியிருந்தது. குருவிகளைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு சொட்டு ரத்தமும் கொஞ்சம் செல்லுமாக உறைய வைத்து, காலம் நல்லபடியாகும்வரை பத்திரமாக வைத்திருப்பார்களாம். "ஐஸ்ல வச்சதக் குருவின்னு எப்பிடிச் சொல்லுதது?" என்று இசக்கி ஒருமுறை சென்னைக்கு எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பதிலுக்கு வானமாமலை வந்தான். குஞ்சுக்கு வழி செய்வதற்காக அவர்கள் அனுப்பியவன்.

பனை மட்டையின் நுனியில் ஒரு ஆண்குருவி, தலையெல்லாம் மஞ்சள், தான் கட்டிய பாதிக் கூட்டிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்தது. மஞ்சள் பூசி உட்கார வைத்தது போலிருந்ததால் சங்கரபாண்டி அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தான். ஒரு பெட்டை வந்து கூட்டைச் சுற்றிப் பார்த்தது. உள்ளே நுழைந்தது. ஒரு நாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. பறந்துபோய்விட்டது.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு கூட்டைத் தானே பிய்க்கத் தொடங்கியது.

"பாத்தியா?" என்றான் வானமாமலை. "பாதி வீட்டக் கட்டுதது. தலைகீழாத் தொங்கி வாங்க வாங்கன்னு கூப்புடுதது. வந்தவ ஒரு இழு இழுத்துட்டு வேண்டாம்னு போனா, அத்தனையும் பிச்சுப் போட்டுட்டு மறுபடியும் மொதல்லருந்து. கொஞ்சம் கூட வெக்கம் கெடையாது. அந்தப் பெட்டை எதுக்கு இழுத்துப் பாக்கு? கட்டுனவன் நல்ல படியா, பிழை மலிஞ்ச படியான்னு உத்தேசமாத் தெரிஞ்சுக்க. என்கிட்ட எண்ணே இருக்கும்போது உத்தேசம் எதுக்கு?"

இசக்கி தன் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னியிருந்த ஒயர்கள் நடுவில் அறுந்து தொங்கியதால் மேலே உரச்சாக்கை விரித்து, விளிம்பில்தான் உட்கார முடியும். புதிது வாங்கிவிடலாமே என்று வந்த அன்றே வானமாமலை சொன்னான். உட்கார்ந்து பழகியது என்று விட்டுவிட்டாள்.

"முனைவர் பட்டத்துக்கு ஆய்வுரைய எத்தன தடவ எழுதுனிய?" என்று கேட்டாள்.

"நாலு."

"ஒவ்வொரு தடவையும் பிச்சுப் போட்டியளா?"

"அது வேற மேடம்."

"ஆமா. குருவிக்குப் பட்டம் குடுக்க மாட்டாவ."

ஆனாலும் அவனுக்கு வழிவிட்டாள். குஞ்சு வேண்டும். சென்னையில் அவன் சொல்வதைத்தான் கேட்டார்கள்.

வானமாமலை எல்லாக் குருவிகளின் எண்ணையும் எடுத்தான். பிழை குறைந்த ஆண்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றோடும் ஒரு பெட்டையைச் சேர்த்து, கம்பிவலைத் தடுப்புக்குள் விட்டான். கூடு கட்டும் சிரமம்கூட வேண்டாம் என்று, தேங்காய் நாரில் இயந்திரம் பின்னிய முழுக்கூடுகளை வரவழைத்துத் தொங்கவிட்டான். வாசல், குழல், உள்ளறை எல்லாம் கச்சிதமாக இருந்தன. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாரிலும் மோசமான எண் மாப்பிள்ளைக்குத்தான் வந்தது. வானமாமலை அதைத் தனியாகப் பிடித்துத் தோப்பின் கடைசியில் நின்ற ஒற்றைப் பனைக்கு அனுப்பி, நடுவே ஒரு வலையை இழுத்துக் கட்டினான். இசக்கி கையில் மண்வெட்டியோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்குத் தண்ணி?"

"வச்சிருக்கேன்."

"கூடு கட்ட நெல்லோலை?"

"அதுக்கு எதுக்கு நெல்லோலை? யாரு பாக்கப் போறா?"

மறுநாள் ஒற்றைப் பனையடியில் நெல்லோலை கிடந்தது.

இந்தக் காலத்தில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் முள்ளிக்குளத்துக்கு வந்தார்கள். வானமாமலை வாடகைக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, பனைக்கு முன்னால் நின்று, முதல் வரியில் எழுதியிருக்கும் அதே அறிவிப்பை அதே முகத்தோடு உலகத்துக்குச் சொன்னான். மனிதர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டார்கள். புத்தகம் புத்தகம்தானே என்றான். அவ்வளவுதான் சொன்னான். அது போதுமாக இருந்தது. தீபாவளிக்குள் திருநெல்வேலியில் ரத்தம் பார்க்கிற இடங்களில் எல்லாம் பிழைமானி வந்துவிட்டது. பெண்வீட்டார் ஜாதகத்தை ஒரு கையிலும் எண்ணை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு பேசினார்கள். கொஞ்ச நாளில் ஜாதகத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

தடுப்புகளுக்குள் குருவிகள் சுகமாக இருந்தன. நன்றாகத் தின்றன. பெட்டைகள் ஒரு மூலையிலும் ஆண்கள் ஒரு மூலையிலுமாக, ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தன. முழுக்கூடுகளுக்குள் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

"பழகிரும்" என்றான் வானமாமலை.

ஐப்பசி பாதியில் மேகம் கறுத்தது. முட்டையைக் காணோம்.

ஒருநாள் காலையில் சங்கரபாண்டி கொட்டகை வாசலில் நின்றான். அவனுக்கும் கோவில்பட்டி செண்பகவல்லிக்கும் தை மாதம் கல்யாணம். ஒரு வருடமாகப் பேசி வைத்தது. வேனைத் துடைக்கும்போதெல்லாம் காதில் போனை இடுக்கிக்கொண்டு அவன் சிரிப்பது தோப்பு முழுக்கக் கேட்கும். அந்த வாரம் சிரிப்புச் சத்தம் இல்லை என்பதை வானமாமலை கவனிக்கவில்லை.

"சார், ஒரு சின்ன விசயம்."

"சொல்லு."

"அந்த எண்ணக் கொஞ்சம் கொறைக்க மருந்து எதும் இருக்கா?"

"எந்தக் குருவிக்கு?"

"குருவிக்கு இல்ல சார்." சங்கரபாண்டி செருப்பின் நுனியைப் பார்த்தான். "எனக்கு. அவ அப்பா எடுத்துட்டு வரச் சொன்னாரு. எடுத்தேன். ரொம்பக் கூடுதலா வந்துட்டு, இந்தாங்க சீட்டு. மருந்து சாப்புட்டாக் கொறையுமான்னு அவ கேக்கா. அவளே வாங்கித் தாரேங்கா."

வானமாமலை வாயைத் திறந்தான். பிழை என்பது பிறக்கும்போதே வருவது, மாற்ற முடியாது, இது ஒரு புள்ளிவிவரம்தானே தவிர... என்று தொடங்கினான். வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரியவில்லை.

"சரி சார்" என்றான் சங்கரபாண்டி. "சும்மா கேட்டேன். அவங்க அப்பா நல்ல மனுசன்தான். டிவியில நீங்க சொன்னதப் பாத்துருக்காரு." போய் வேனைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த வேன்.

அன்று முழுக்க இசக்கி வானமாமலையோடு பேசவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குப் பதில் இருந்தது. அவள் திட்டவில்லை. மாலை டீயை அவன் மேசையில் வைத்தாள், குடித்ததும் கிளாசை எடுத்துக்கொண்டு போனாள். எப்போதும் அவரவர் கிளாசை அவரவர்தான் கழுவுவது. அதையும் அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் பிழைமானி அவன் முன்னால் இருந்தது. அதில் ஒரு எண் இருந்தது.

"இது யாருது?" என்றான். "மாப்பிள்ளையவிட மோசமால்லா இருக்கு."

"குருவியோட இதச் சேக்கக் கூடாது. இது மனுசக் கணக்கு."

"மனுசன்னாலும் ரொம்பக் கூடுதல். பாவம். யாரு?"

"உங்க டீ கிளாசுலருந்து எடுத்தேன்" என்றாள் இசக்கி. "கேக்காம எடுத்தது தப்புதான். மூணு தடவ வச்சுப் பாத்துட்டேன்."

வானமாமலை நான்காம் தடவை வைத்துப் பார்த்தான். பிறகு கருவியை அணைத்துத் துடைத்து, ஐந்தாம் தடவை. சங்கரபாண்டியின் எண்ணைவிட அதிகம். கல்லூரியில் சோதனைக்கு என்று நண்பர்களிடமெல்லாம் எச்சில் வாங்கியிருக்கிறான். தன்னுடையதை மட்டும் எடுத்ததில்லை. தராசைத் தராசில் வைத்து யாரும் நிறுப்பதில்லையே.

"கருவியில ஏதோ கோளாறு" என்றான்.

"சங்கரபாண்டிக்கு எடுத்தப்ப கோளாறு இல்லியா?"

அவன் எழுந்து ஒற்றைப் பனைப் பக்கம் நடந்தான். எண்ணை வைத்துப் பார்த்தால் தானும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. மாப்பிள்ளை அங்கே, பார்க்க ஒரு ஜீவன் இல்லாத இடத்தில், பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பனை முழுக்கப் பாதிக் கூடுகள்.

படி எடுப்பதில் பிழை எங்கே நுழைகிறது என்று யோசித்தான். பெண்ணிடம் முட்டைகள் முன்பே எழுதி வைத்துவிட்டவை. ஆணோ வருடா வருடம் படியிலிருந்து படி எடுத்துக்கொண்டே இருக்கிறான். அப்படியென்றால்...

போனை எடுத்தான். அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். களக்காட்டில் இருக்கிறார்.

"என்னல, டூட்டி நேரத்துல போன்?"

"ஒண்ணுமில்லப்பா. நான் பொறக்கும்போது ஒங்களுக்கு என்ன வயசு?"

"எதுக்குல? பென்சன் ஆபீசுலருந்து கேட்டாவளா?"

"ஆராய்ச்சிக்கு."

"அம்பதத் தொட்டாச்சு. ஒன்னப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப, தாத்தா கையெழுத்து செல்லாதுன்னுட்டாரு எட்மாஸ்டரு."

"ஏம்ப்பா அவ்வளவு லேட்டு?"

"நான் எங்கல லேட்டு? நான் முப்பதுலயே ரெடி. ஒங்கம்மைதான்..." குரல் தாழ்ந்தது. அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாள் என்று அர்த்தம். "என் பஸ்சுலதான் டீச்சர் வேலைக்குப் போவா. கேட்டேன். மூணு தம்பி இருக்கான், அவனுவ தலையெடுக்காமக் கழுத்த நீட்ட மாட்டேன்னுட்டா. சரின்னேன்."

"சரின்னுட்டு?"

"சரின்னுட்டு என்ன செய்ய? ஞாயித்துக்கிழம லீவுல்லா. அவ வீட்டுல ஒரு கோழிக்கூண்டு இத்துப்போய்க் கெடந்துது. நான் கட்டித் தாரேன்னேன். போவேன், கொஞ்சம் கட்டுவேன், வந்துருவேன்."

"அத்தன வருசமாவா ஒரு கோழிக்கூண்டு?"

"முடிச்சுட்டா மறுவாரம் எதச் சொல்லிட்டுப் போக? ஆராய்ச்சியெல்லாம் பண்ணுதியே, இதுகூடத் தெரியாதால?"

வானமாமலை பனையைப் பார்த்தபடி நின்றான். "அம்மா ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்காமயா? ஒவ்வொரு வாரமும் வந்து புடிச்சு ஆட்டிப் பாப்பா. இந்தப் பக்கம் ஆடுதேம்பா. பிரிச்சுட்டு மறுபடியும் கட்டுவேன். அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். கோழிக்குத்தான் தெரியாது."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் பெரிதாகக் கேட்டது. "யாரு, வானமா? அந்தக் கூண்டுக்கு இன்னும் கதவு வைக்கலன்னு அவன்கிட்டச் சொல்லுங்க!"

போனை வைத்த பிறகும் அவன் அங்கேயே நின்றான். தன் உடம்பில் எழுத்துப் பிழைகளாகச் சிதறிக் கிடப்பவை அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள். இதை ஆய்வுக் கட்டுரையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தான். ஒரு தலைப்பும் பொருந்தவில்லை.

இசக்கி பின்னால் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

"சங்கரபாண்டி வீட்டுல எத்தனாவது பிள்ள?" என்று கேட்டான்.

"ஏழாவது. கடைக்குட்டி."

"அப்ப அவன் அப்பாவுக்கும் வயசாயிருக்கும்."

"அவன் பொறந்தப்ப மூத்த அக்காவுக்குக் கல்யாணமே முடிஞ்சுட்டு. ஏன்?"

"நான் கண்டுபிடிச்சது பிழைமானி இல்ல" என்றான் வானமாமலை மெதுவாக. "அப்பன் வயசுமானி. பொறக்கும்போது அப்பாவுக்கு எவ்வளவு வயசோ, அவ்வளவு பிழை. வேற ஒண்ணும் பெருசா இல்ல. மூணு வருசம் ராப்பகலா உக்காந்து, ரேசன் கார்டப் பாத்தாத் தெரியுத விசயத்துக்கு ஒரு மிஷின் செஞ்சிருக்கேன்."

இசக்கி சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. ஒற்றைப் பனையை அண்ணாந்து பார்த்தாள்.

"மாப்பிள்ளையோட அப்பன எனக்குத் தெரியும்" என்றாள். "காலுல செகப்பு வளையம். கிழவன்னு கூப்புடுவேன். ஊரே வெந்த அந்தக் கோடையில மத்த ஆணெல்லாம் பொத்துப் பொத்துன்னு விழுந்துது. அது மட்டும் தாண்டிச்சு. அடுத்த கோடையும் தாண்டிச்சு. தலையில மஞ்சளே வெளுத்துப்போன பொறவும் கூடு கட்டிச்சு. அப்பவும் பெட்டைங்க அதுகிட்டதான் போச்சு. கடைசி ஈட்டுல பொறந்ததுதான் மாப்பிள்ள."

வானமாமலை அவள் பக்கம் திரும்பினான். "நான் பொறுக்கி எடுத்தேனே, எண்ணு கொறஞ்ச ஆணுங்க. அதோட அப்பனுங்க?"

"எல்லாம் மொத வருசத்துச் சின்னப் பயலுவ. ஒரு ஈடு போட்டுச்சு. மறு கோடையில ஒண்ணும் மிஞ்சல."

காற்றில் மழை வாசனை இருந்தது. வெயிலைத் தாண்டிய கிழவனின் பிள்ளையைத் தள்ளிவைத்துவிட்டு, வெயிலில் விழுந்தவர்களின் பிள்ளைகளை அவன் மாலை போட்டு உட்கார வைத்திருக்கிறான்.

"பெட்டைங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். "அதுகிட்ட வளையமும் இல்ல, கருவியும் இல்ல."

"தெரியும்னு யாரு சொன்னா? இழுத்துப் பாக்குது. நிக்குதான்னு பாக்குது. அவ்வளவுதான்." அவள் குனிந்து கீழே விழுந்திருந்த ஒரு நெல்லோலையை எடுத்தாள். "இன்னொண்ணு சொல்லட்டா? பிழையே இல்லாத குருவின்னா அது போன வருசத்துக் குருவி. வெயிலு இந்த வருசத்து வெயிலுல்லா."



இருவரும் சேர்ந்து தடுப்புகளைப் பிரித்தார்கள். முழுக்கூடுகளை அறுத்து இறக்கினார்கள். "எது குறைன்னு இப்பவும் எனக்குப் புரியல" என்று ஒன்றைக் கையில் வைத்து உருட்டினான் வானமாமலை. "குழலெல்லாம் எவ்வளவு நேர்த்தி."

"அதான். பெட்டைக்குச் சொல்ல ஒண்ணுமே மிச்சம் வைக்கலயே."

நடுவலையை அவன்தான் அவிழ்த்தான். பெட்டைகள் உடனே போய்விடவில்லை. அவன் பொறுக்கிய ஆண்கள் முதலில் நெல்லோலையைக் கிழிக்கக் கற்றுக்கொள்ளத் தடுமாறின. பிறகு ஒரு பெட்டை ஒற்றைப் பனைக்குப் போய், ஒவ்வொரு பாதிக் கூடாக நுழைந்து இழுத்துப் பார்த்தது. மாப்பிள்ளை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்த அடியில் பனையே பறந்துவிடும் போலிருந்தது. முதல் கூடு வேண்டாம் என்றது. அடுத்ததும் வேண்டாம். மூன்றாவதற்குள் போன பெட்டை வெளியே வரவில்லை.

வானமாமலை தன் கையைப் பார்த்தான். இசக்கியின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது. எடுத்துக்கொண்டான். அவளும் எதையும் கவனிக்காதது போல், "மழ வருது" என்றாள்.

மழை வந்தது. நான்கு நாள் கொட்டியது. ஐந்தாம் நாள் சங்கரபாண்டி மூங்கில் ஏணியில் ஏறிக் கண்ணாடியைக் குச்சியில் கட்டி நீட்டி, "முட்ட!" என்று கத்தினான். சொந்தக் கவலையை மறந்து அவன் கத்தியது இசக்கிக்குப் பொறுக்கவில்லை. வானமாமலையைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே சட்டையை மாற்றிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

கோவில்பட்டியில் செண்பகவல்லியின் அப்பா, கடலைமிட்டாய்ப் பாகு மணக்கும் பட்டறையின் முன்வாசலில், அவர்களை உட்கார வைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ இந்த எண்ணு பையன் நல்லவனா கெட்டவனான்னு சொல்லாது?"

"சொல்லாது. அவன் அப்பாவுக்கு அப்ப என்ன வயசுன்னு சொல்லும்."

"டிவியில வேற மாதிரி சொன்னியளே."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"நீங்க கோட்டெல்லாம் போட்டிருந்தியளே தம்பி" என்றார் அவர், நம்ப மாட்டாமல்.

"வாடகக் கோட்டு. திருப்பிக் குடுத்துட்டேன்."

அவர் யோசித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "எங்கப்பாவுக்கும் நான் பொறக்கும்போது நல்ல வயசுதான்" என்றார். "பயந்துக்கிட்டு நான் என் எண்ண எடுக்கவே இல்ல." உள்ளே திரும்பி, காபி போடச் சொன்னார். போட்டது செண்பகவல்லி. சங்கரபாண்டிக்கு வந்த டம்ளரில் மட்டும் சர்க்கரை அதிகமாக இருந்ததாகத் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி வானமாமலை இறங்கினான். பச்சையிலும் மஞ்சளிலும் ஒயர்க் கட்டுகளோடு வந்தான்.

"கூட பின்னவா சார்?"

"ஆராய்ச்சிக்கு."

முட்டைகள் பொரிந்தன. கூட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தைப் பதிவு செய்து இசக்கி சென்னைக்கு அனுப்பினாள். இந்த முறை பதில் வந்தது. நிலையம் இருக்கலாம். குருவிகள் உறைய வேண்டாம். தொலைக்காட்சிக்காரர்களும் மறுபடி வந்தார்கள். கருவியைப் பற்றி வானமாமலை உண்மையைச் சொன்னான். அதை அவர்கள் ஒளிபரப்பவில்லை. ஆகவே ரத்தம் பார்க்கிற இடம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, நேரிலேயே சொல்லத் தொடங்கினான். சிலர் கேட்டார்கள். சிலர், பெரிய முனைவர் சொன்னதை நீ யார் மறுக்க என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வானமாமலை ஒற்றைப் பனையின் நிழலில், கொட்டகையிலிருந்து தூக்கிவந்த நாற்காலியின் முன் தரையில் உட்கார்ந்திருந்தான். அறுந்த ஒயர்களை எல்லாம் வெட்டி எடுத்தாகிவிட்டது. புதிய ஒயரை ஒன்றின் மேல் ஒன்றாக, அடியில் ஒன்றாக விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். எப்படிப் பின்னுவது என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக வந்திருக்கும். பாதி வரைக்கும் வந்ததும் நிறுத்தினான். ஒயர் இன்னும் நிறைய இருந்தது. பொழுதும் இருந்தது. ஆனாலும் நிறுத்தினான். எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய், மிகவும் முக்கியமான எதையோ பார்ப்பது போலப் பனையைப் பார்த்தான்.

இசக்கி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். தூரத்தில் சங்கரபாண்டி துடைத்த வேனையே துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து, பின்னலுக்குள் விரலை விட்டு ஒரு ஒயரைப் பிடித்து இழுத்தாள். இன்னொன்றை இழுத்தாள். உள்ளங்கையை வைத்து அமுக்கினாள்.

"இந்த ஓரம் தொய்யுது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி நடந்தாள். கொட்டகை வாசல்வரை போனவள் நின்று, திரும்பிப் பார்க்காமலே, "நாளைக்கு வந்து பாக்கேன்" என்றாள்.

வானமாமலை நாற்காலியின் முன் மறுபடியும் உட்கார்ந்தான். பின்னியதை ஒவ்வொரு ஒயராக உருவி எடுத்தான். பிறகு முதலிலிருந்து தொடங்கினான்.